இரண்டாம் எண் கோட்டு

கதவைத் தாழ் போட்ட பிறகுதான் நவநீதன் மூச்சை விட்டான். துணி உடுத்திப் பார்க்கிற அறைக்குத் தாழ் போடும்படியான கதவு இருப்பதே அவனுக்குப் புதிது, இத்தனை வருஷமும் அவன் பார்த்ததெல்லாம் திரைதான், அதுவும் முழங்காலோடு நின்றுபோகிற திரை, உள்ளே ஒரு கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது மற்ற முழங்கை திரையை வெளியே தள்ளும், வெளியே நிற்கிறவர்கள் உள்ளே ஏதோ கைகலப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், அம்மா வேறு திரையைப் பாதி விலக்கி, ஏறுச்சா, தோள்ல இறங்குச்சா என்று கடை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பாள். இங்கே கையை நீட்டித் திரும்பலாம், உட்கார ஒரு அகலமான ஸ்டூல், உட்கார்ந்தால் முனகாத ஸ்டூல், சுவரில் இரண்டு கொக்கி. ஒரு கொக்கியில் இரண்டாம் எண் கோட்டு, இன்னொன்றில் ஒன்றாம் எண் கோட்டு, இரண்டும் ஒரே கருநீலம், ஒரே பட்டன், தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி. இரண்டாம் எண்ணைக் கடைக்காரர் அவனைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்றாம் எண்ணை அவனே யாருக்கும் தெரியாமல் தணிந்த குரலில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான், அந்தக் கடையிலேயே சின்ன அளவு அதுதான். எதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது என்பது அவனுக்குத் தெரியவில்லை. வெளியே கல்யாண ஜவுளி எடுக்க வந்த இரண்டு வீட்டுச் சனமும் காத்திருந்தது, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் மாப்பிள்ளைத் துணிக்குப் பில் போட்டாக வேண்டும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தாராபுரத்திலிருந்து வேனில் கிளம்பி, வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கோயமுத்தூர் பெரிய கடையில் நல்ல நேரத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்தார்கள். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற கோகிலவாணி, கடையில் எடுத்துப் போட்ட ஒவ்வொரு புடவையையும் புரட்டி, மேல்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை, துணி என்றால் திருப்பிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது என்று அவளுடைய அக்கா வீட்டுக்காரர் திருமூர்த்தி கேலி செய்தார். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்தார்கள், அதுவும் சுகமாக முடிந்தது, வேட்டிக்கு அளவு கேட்கிற ஆள் உலகத்தில் கிடையாது, நவநீதனுக்கு வேட்டியின் மேல் இருக்கிற பாசத்துக்குத் தமிழ்ப் பண்பாடு காரணமில்லை. அப்புறம்தான் வரவேற்புக்குக் கோட்டு. பெண் வீட்டார் எடுத்துத் தருகிற கோட்டு. விற்பனையாளர் டேப்பைக் கூட எடுக்கவில்லை, அவர் பார்வை தலையிலிருந்து இறங்கி வயிற்றில் ஒரு கணம் நின்றது, சாருக்கு நம்மகிட்ட வராதுங்க, தைக்கத்தான் கொடுக்கணும் என்றார். கல்யாணம் அடுத்த வாரம், தைக்க ஏது நாள். பெண் வீட்டுச் சனம் முழுவதும் மேலே சுற்றுகிற மின்விசிறியை அன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி பார்த்தது. அம்மா, எங்க வீட்ல எல்லாருக்குமே வாகு அப்படித்தானுங்க என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் தரையைப் பார்த்தான். அப்போதுதான் ஓரத்தில் நின்ற கோகிலவாணி, பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்கிற மாதிரி சாதாரணமாக, பின்னாடித் தெருவில் தாராளம் என்று ஒரு கடை இருக்கிறது, பெரிய அளவெல்லாம் அங்கே ரெடிமேடாகவே கிடைக்கும் என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நவநீதன் மட்டும் அதைத் தனக்குள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான், தெருவைக் கடக்கும்போதும், லிஃப்டில் ஏறும்போதும், இப்போது எந்தக் கோட்டையும் தொடாமல் நிற்கிறபோதும்.

சரி, முதலில் இரண்டாம் எண்ணைப் போடுவோம் என்று எடுத்தான். வழக்கம்போல வயிற்றை எக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையை நுழைத்து, வலது கைக்குச் சண்டை போடத் தயாரானால் சண்டையே இல்லை, கை பாட்டுக்குப் போனது. தோள் தோளில் உட்கார்ந்தது. பட்டன் கூப்பிடாமலேயே துளைக்கு வந்தது. எக்கிய வயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். கண்ணாடியில் ஒரு பெரிய மனிதர் நின்றார், கல்லூரித் தாளாளர் மாதிரி, கட்சியில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் மாதிரி, யாரும் பின்னால் சிரிக்க மாட்டார்கள் என்கிற தைரியம் உள்ளவர் மாதிரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பிரிவுப் பையன்கள் தனக்கு வைத்திருக்கும் பெயர் டிரான்ஸ்பார்மர் என்பது அவனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி பாடம் நடத்துவான், டிரான்ஸ்பார்மர் பாடம் வரும் வாரத்தில் மட்டும் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசி முடித்துவிடுவான். இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பாடத்தை நடத்தலாம் போல இருந்தது. கடைக்காரர் ஜெபராஜே அவனைவிட ஒரு சுற்றுப் பெரியவர், வாசலில் நிற்கிற பொம்மைகளுக்குக்கூட அளவான தொப்பை வைத்திருந்தார்கள், தொப்பை வைத்த பொம்மையை அவன் பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. இங்கே அளவெல்லாம் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஆறு வரைக்கும். நீங்க ஒண்ணும் பெரிய சைஸ் இல்லீங்க சார், வெறும் ரெண்டுதான் என்று ஜெபராஜ் சொன்னபோது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ரேங்க் வாங்கிய சந்தோஷம் வந்தது. இரண்டு. முன்னால் ஒரே ஒரு ஆள்தான். அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே, அழைக்காத விருந்தாளியாக, பசி வந்து நின்றது.

பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து ராத்திரிச் சோற்றை விட்டவன், கேட்கிறவர்களிடமெல்லாம் பசிக்கலீங்க, பசிக்கலீங்க என்று சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிப்போனவன், சித்தப்பா வீட்டு விருந்தில் மட்டன் பிரியாணியை இலையில் வைத்துக்கொண்டு வெங்காயப் பச்சடியை மட்டும் தின்றவன். அவனுக்கு இந்தக் கோட்டுக்குள் நின்ற அரை நிமிஷத்தில் கண்முன்னால் பரோட்டா வந்தது, சால்னாவோடு, ஓரம் முறுகி. இதுதான் பயமாக இருந்தது. துணி பொருந்தியதும் பசிக்கிறது என்றால் என்ன அர்த்தம். இத்தனை நாளும் துணி பொருந்தாததுதான் அவனைக் காப்பாற்றியதா. பெரிய கடை விற்பனையாளரின் அந்தப் பார்வை ஒரு மருந்தா, இந்த ஸ்டூலும் கதவும் தொப்பை பொம்மையும் ஒரு விஷமா. அப்படி நினைக்கும்போதே அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, முப்பத்து மூன்று வருஷமாக ஊர் பூராவும் அப்படித்தானே பார்த்தது, அந்த மருந்தில் ஒரு கிலோ குறைந்திருக்கிறதா, ஒவ்வொரு பார்வைக்கும் அப்புறம் வீட்டுக்குப் போய் ஒரு தட்டு கூடுதலாகத்தானே தின்றிருக்கிறான். அப்படியென்றால் இந்தக் கடைதான் நல்லதா. அப்படியென்றால் இந்தப் பரோட்டா ஏன் வந்தது. ஒரு முனையை இழுத்தால் இன்னொரு முனை உள்ளே போய்விடுகிறது, பாவாடை நாடாவை விட்டுவிட்டுக் குச்சியால் தேடுகிற வேலை.

அப்பா கோட்டே போட்டதில்லை. குமாரசாமி என்றால் தாராபுரம் கடைவீதியில் தெரியாதவர்கள் கிடையாது, மண்டியில் அவருக்கென்று கையில்லாத ஒரு நாற்காலி, கையிருந்தால் அவர் உள்ளே போக மாட்டார் என்பதால். யாரும் சிரித்ததில்லை. ஆள் வாட்டசாட்டம் என்றார்கள், மொதலாளின்னா அப்படி இருக்கோணும் என்றார்கள், தையற்காரர் வீட்டுக்கே வந்து, அளவைச் சத்தம் போட்டுச் சொல்லாமல், வெள்ளை ஜிப்பா தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார், ஜிப்பா வருஷா வருஷம் கொஞ்சம் அகலமாகும், அப்பாவுக்கே அது தெரியாது. அப்பாவைச் சுற்றி ஊரே ஒரு தாராளம் கடையாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு வந்து அந்தக் கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்தவர், பக்கவாட்டில் சாய்ந்தார், பிடித்துக்கொள்ளக் கையில்லை. ஐம்பத்தியொரு வயசு. நெஞ்சு என்றார் டாக்டர், உடம்பு என்றார், பையனையும் பார்த்துக்குங்க என்று அவனைக் காட்டிச் சொன்னார். அம்மா பார்த்துக்கொண்டாள், அவள் பார்த்துக்கொள்வது என்றால் இன்னொரு கரண்டி போடுவதுதான், அப்பன் இல்லாத பிள்ளை எளைச்சிருச்சுன்னு யாராச்சும் சொல்லிட்டா நான் எங்க போய் முழிக்கறது என்பாள், அந்த அம்மாவே ராத்திரி அவன் தூங்கிய பிறகு வந்து மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவனுக்கு விழிப்பு இருக்கும், விழித்துக்கொண்டால் அவள் வெட்கப்படுவாள் என்று ஒழுங்காக மூச்சு விடுவான். யார் தப்பு. ஊர் சிரித்திருந்தால் அப்பா இருந்திருப்பாரா. சிரித்திருந்தால் அப்பா அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாரா. நிமிர்ந்து உட்காராத அப்பா அவனுக்கு வேண்டுமா. வேண்டும் என்றுதான் தோன்றியது, எப்படியாவது இருந்திருந்தால் போதும் என்றுதான் தோன்றியது, கண்ணில் சட்டென்று தண்ணீர் வந்துவிட்டது, புதுக் கோட்டின் கையில் துடைக்கப் போய் இன்னும் பில் போடவில்லை என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினான்.

ஆனால் கேள்வி அப்பா இல்லை, கேள்வி கோகிலவாணி. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, ரெண்டு பேரும் தனியாகப் பேசிட்டு வாங்க என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, படியேறியதில் மூச்சு இரைப்பது தெரியாமலிருக்க வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் தானாகவே ஒரு வாக்குக் கொடுத்தான், கல்யாணத்துக்குள் பதினைந்து கிலோ குறைத்துவிடுவேன் என்று. யாரும் கேட்கவில்லை. அவள் கேட்கவே இல்லை. கொடியில் காய்ந்த ஒரு சட்டையின் காலரைத் திருப்பி உள்தையலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மழை வர்ற மாதிரி இருக்குதுங்க, கீழ போலாங்க என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துத் திருமூர்த்தி போன் செய்து பெண்ணுக்குச் சம்மதம் என்றார். யாருக்குச் சம்மதம், அன்றைக்கு மாடியில் இரைத்துக்கொண்டு நின்றவனுக்கா, அதிலிருந்து பதினைந்து கிலோ கழித்துவிட்டு மிச்சம் நிற்கப்போகிறவனுக்கா. அன்றிலிருந்து அவன் நடந்தான், பட்டினி கிடந்தான், சுரைக்காய்ச் சாறு குடித்தான், நாலு கிலோ போனது, அதில் இரண்டு கிலோ வழி தெரிந்துகொண்டு திரும்பி வந்தது. இப்போது இந்தக் கடையை அவள்தான் காட்டினாள். எப்போதிலிருந்து அவளுக்கு இந்தக் கடை தெரியும். சம்மதம் சொல்லும்போதே தெரியும் என்றால் அவனை இப்படியே எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம், அப்படி ஒரு பெண்ணுக்குக் கோயில் கட்டலாம். நேற்று தேடிக் கண்டுபிடித்தாள் என்றால், இவன் எங்கே குறைக்கப் போகிறான், வாக்கும் ஆச்சு மண்ணாங்கட்டியும் ஆச்சு என்று கைகழுவிவிட்டாள் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே கடைதான், ஒரே கருநீலக் கோட்டுதான். கருணையா கைகழுவலா என்று துணியைத் தடவிப் பார்த்தால் தெரியுமா. அவள் மாதிரி கோட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தான், ஏதோ தையல், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டாம் எண்ணைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். ஒன்றாம் எண்ணை எடுத்தான். இது பழகிய சண்டை, தோள்பட்டையில் பிடித்தது, அக்குளில் கடித்தது, பட்டனுக்கும் துளைக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு அவன் இருந்தான். மூச்சை முழுக்க இழுத்து, வயிற்றை முதுகெலும்புக்கு அனுப்பி, ஒரே இழுப்பு, துளைக்குள் விழுந்துவிட்டது பட்டன். கண்ணாடியில் மெலிந்த மாதிரிதான் தெரிந்தது, முகம் மட்டும் சிவந்திருந்தது. வாக்குக் கொடுத்தவன் இதைத்தான் போட வேண்டும். வரவேற்பு என்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும், வருகிற ஒவ்வொருவரோடும் நின்று போட்டோ, நிற்கலாம், முடியும், பேச மட்டும் கூடாது. வெளியே அம்மாவின் குரல் கேட்டது, தம்பி, நேரமாகுது சாமி. திருமூர்த்தி குரல், சகலை உள்ள தூங்கிட்டாருங்களா, பூட்டை உடைக்கோணுமா, ஒரு சிரிப்பு. அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, பூட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்பதை யோசிக்க மூச்சு போதவில்லை. இரண்டாம் எண் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, தாழை விலக்கி வெளியே வந்தான்.

எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவின் முகம் மலர்ந்தது, திருமூர்த்தி மீசையைத் தடவிக்கொண்டு சகலை சினிமாவில் நடிக்கலாம் என்றார், பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதுக்கே பில் போட்ருங்க, டைம் ஆகுது என்றார். ஜெபராஜ் மட்டும் பட்டனைப் பார்த்தார். கோகிலவாணி எழுந்து வந்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்னால் போனாள், கோட்டின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கி உள்ளே பார்த்தாள், அவளுடைய விரல் முதுகில் படுகிற இடத்தில் அவனுக்கு வியர்த்தது. திரும்பி முன்னால் வந்து நின்று, மற்றவர்கள் காதில் விழாத குரலில் சொன்னாள்.

"மூச்சை விடுங்க."

"விட்டா பட்டன் நிக்காதுங்க" என்றான். அதைச் சொல்லவே இருந்த காற்றில் பாதி போய்விட்டது.

"நிக்காட்டிப் போகுதுங்க. மாடியிலயும் இப்படித்தான் பிடிச்சுட்டு நின்னீங்க. எங்க கீழ விழுந்துருவீங்களோன்னுதான் மழை வருதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

அன்றைக்கு மழை வரவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வானம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தான், பளீரென்று வெயில், கொடித் துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. கேட்க வேண்டியது தொண்டைக்கு வந்துவிட்டது, இந்தக் கடையைப் பற்றிக் கேட்க நினைத்தான், எப்போது தேடினாய், எதற்குத் தேடினாய் என்று, வாயிலிருந்து வந்தது வேறு.

"குறையலீன்னா?"

அவள் அந்தப் பட்டனைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். பரவாயில்லை என்று உடனே சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

"தெரியலீங்க" என்றாள். "உங்கப்பாவைப் பத்தி அத்தை சொன்னதுல இருந்து எனக்கும் பயமாத்தான் இருக்குது. குறைச்சீங்கன்னா எனக்குச் சந்தோஷம்தானுங்க, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அதுக்காகக் கல்யாணத்தன்னிக்கு நீங்க மூச்சு முட்டிட்டு நிக்கறதை நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருக்கறதா?"

அவன் பட்டனைக் கழற்றினான். வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது, எல்லார் முன்னாலும், கோட்டின் இரண்டு பக்கத்தையும் விலக்கிக்கொண்டு. திருமூர்த்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மச்சினி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கோகிலவாணி அவன் கையிலிருந்த இரண்டாம் எண்ணை வாங்கி, கையை உள்ளே விட்டு அப்படியே புரட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள். இதில் சின்னதாகப் பிடிப்பதற்கும் இடம் இருக்கிறதா, பிரித்துப் பெரிதாக விடுவதற்கும் இருக்கிறதா என்று ஜெபராஜைக் கேட்டாள். இரண்டுக்கும் இருக்கிறது என்றார் அவர், இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஏறுவார்கள், பாதிப் பேர் இறங்குவார்கள், அதனால் உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம் என்றார். பிடிப்பதற்கு என்று அவள் முதலில் கேட்டதை நவநீதன் கவனித்தான். விடுவதற்கும் என்று இரண்டாவதாகக் கேட்டதையும் கவனித்தான். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா உச்சுக் கொட்டினார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ராகுகாலம்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. இனி ஒன்றரைக்கு மேல்தான் பில், அதுவரைக்கும் இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆளாளுக்குப் பேசினார்கள், நடந்தே போகிற தூரத்தில் நல்ல ஓட்டல் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று திருமூர்த்தி தீர்ப்புச் சொன்னார். சோபாவிலிருந்து எல்லாரும் எழுந்து பைகளைத் தேடினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் கோகிலவாணி அவனைக் கேட்டாள், பசிக்குதுங்களா என்று.

பசிக்கலீங்க என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இத்தனை நாள் சொல்லிப் பழகியது, சிரமமில்லாமல் வரும். வயிறு எக்கப் பார்த்தது, எக்க முடியவில்லை, அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பசிக்குதுங்க" என்றான்.

"எனக்குந்தானுங்க" என்றாள் அவள். "நிச்சயதார்த்த ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்த நாள்ல இருந்து ராத்திரிக்கு நானும் சாப்பிடறதில்லீங்க. இன்னும் யாருக்கும் சொல்லலை."

அவளை அவன் அப்போதுதான் சரியாகப் பார்த்தான், கழுத்தெலும்பு தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, நிச்சயதார்த்தத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டிருக்கலாம். அவளுக்கும் தெரிந்திருக்காது. ஜெபராஜ் இரண்டாம் எண் கோட்டைத் திரும்ப மாட்டாமல், ஒன்றரைக்கு மேல் பில் போட என்று கல்லாவுக்குப் பின்னால் தனியாக எடுத்து வைத்தார், அவர்கள் இரண்டு பேரும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் லிஃப்டைப் பார்த்து நடந்தார்கள்.